டிஸ்போஸ் செய்யச் சொன்ன ஷூக்கள்

ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ஷூ கம்பெனியில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மெயில் எழுதுவதும், அவர்கள் எழுதுவதை உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்வதும் என் வேலை. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வேலூரில் ஒரு பள்ளியில் கொஞ்ச காலம் பாடம் நடத்தினேன். பிறகு கல்யாணமாகி மாதனூர் பக்கம் வந்தபோது, வீட்டு வாசலிலேயே ஏற்றி இறக்கும் கம்பெனி பஸ் ஒன்று இருந்தது. அதற்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன். வேறு பெரிய காரணம் இல்லை.

வந்த புதிதில் கம்பெனிக்குள் புழங்கும் ஆங்கிலம் எனக்குப் புரியவில்லை. நான் படித்த சொற்கள்தான், ஆனால் பொருள் வேறாக இருந்தது. ‘ரிஜெக்ட்’ என்றால் வேண்டாம் என்று தள்ளியது என நினைத்திருந்தேன். இங்கே ரிஜெக்ட் என்பது ஒரு மேசை. தையல் பிசகியது, பசை வழிந்தது, நிறம் ஒட்டாதது எல்லாம் அந்த மேசைக்குப் போகும். அங்கே சரிசெய்து பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். ‘ஸ்கிராப்’ என்றால் வெட்டியது போக மிஞ்சும் தோல் துண்டுகள். அவற்றை யாரும் குப்பையில் போட மாட்டார்கள். சாவிக்கொத்துப் பட்டையும் பர்சும் செய்கிறவர்கள் மூட்டையாக எடுத்துப் போவார்கள். ‘வேஸ்ட்’ மட்டும்தான் உண்மையாகவே குப்பை. ‘டம்ப்’ என்ற சொல்லை எங்கள் அலுவலகத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைகள் கொட்டியவற்றைப் பற்றி ஊரில் இன்னும் பேச்சு அடங்கவில்லை என்பதால் அந்தச் சொல்லுக்கு மட்டும் ஒரு கூச்சம் இருந்தது.

நான் சொல்ல வந்தது ‘டிஸ்போஸ்’ பற்றி.

ஒரு ஐரோப்பிய கம்பெனிக்குப் பெண்கள் அணியும் தட்டை ஷூ செய்து அனுப்பிக்கொண்டிருந்தோம். பழுப்பு நிறம், குதிகால் கிடையாது, பக்கவாட்டில் அவர்களுடைய முத்திரை அழுத்திப் பதித்திருக்கும். பாதி சரக்கு கப்பலேறிய பிறகு அந்தக் கம்பெனி தன் முத்திரையை மாற்றிக்கொண்டது. பழைய முத்திரை இருக்கும் சரக்கு இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். செலவை அவர்களே ஏற்றுக்கொண்டதால் முதலாளிக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. தயாராகிவிட்ட மீதி ஷூக்கள் மட்டும் அட்டைப் பெட்டிகளில் குடோனை அடைத்துக்கொண்டு நின்றன. அவற்றை என்ன செய்வது என்று கேட்டு எழுதினேன். அந்தப் பக்கம் இதையெல்லாம் பார்த்துக்கொண்ட பெண்மணி ஒரே வரியில் பதில் போட்டார். மீதி ஜோடிகளை டிஸ்போஸ் செய்துவிட்டு உறுதிசெய்யவும்.

அதை புரொடக்‌ஷன் மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். அப்பா ஒரு தோல் தொழிற்சாலையில் கூலிக்கு இருந்தவர். இவர் தோல் வெட்டும் பிரிவில் சேர்ந்து, சூப்பர்வைசராகி, மாலைக் கல்லூரியில் படித்து, மேனேஜர் நாற்காலிக்கு வந்தவர். ஆங்கிலம் தயக்கமில்லாமல் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆங்கில ஆராதனைக்குத்தான் போவார்.

மெயிலைப் படித்துவிட்டு, “சரி, டிஸ்போஸ் பண்ணிடலாம். நம்ம ஹைவே ஷூ கடைக்காரருக்குச் சொல்லிவிடறேன், டெம்போ எடுத்துக்கினு வருவாரு” என்றார்.

“சார், அவங்க விக்கச் சொல்றாங்களா, அழிக்கச் சொல்றாங்களான்னு தெரியலயே” என்றேன்.

“டிஸ்போஸ்னா இன்னா மேடம்? போன வருசம் என் பழைய பைக்க டிஸ்போஸ் பண்ணேன். கொளுத்தியா வுட்டேன்? வித்தேன்.”

“ஆஸ்பத்திரியில ஊசிய டிஸ்போஸ் பண்றாங்க. அத விக்கறதில்லயே சார்.”

“அது ஊசி. இது ஷூ.”

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டை, நிலத்தை, வண்டியை ‘டிஸ்போஸ் பண்ணிட்டேன்’ என்றால் விற்றுவிட்டேன் என்றுதான் பொருள். ஆங்கில அகராதியிலும் அந்தப் பொருள் உண்டு. தமிழிலும் ‘தள்ளிவிட்டுட்டான்’ என்றால் விற்றான் என்றும் இருக்கலாம், விலக்கினான் என்றும் இருக்கலாம். எதைத் தள்ளினான் என்று பார்த்துத்தான் புரிந்துகொள்கிறோம். ஆனால் அந்தப் பெண்மணி எங்கள் ஊர்க்காரர் இல்லை. ஒரு வரி எழுதிக் கேட்டுவிடலாம் என்று சொன்னேன்.

“கேட்டா ஒரு வாரத்துக்குப் பதிலே வராது. அடுத்த ஆர்டர் பொட்டியெல்லாம் வெளியில நிக்குது. மழ வந்தா இன்னா பண்றது? ‘டிஸ்போஸ் செய்கிறோம்’னு எழுதிடுங்க.”

அப்படியே எழுதினேன். அந்தப் பெண்மணி நன்றி சொன்னார். ஒரே சொல்லை மூன்று பேரும் சொல்லி, மூன்று பேரும் திருப்தியாக இருந்தோம். அந்த வாரமே கடைக்காரரின் டெம்போ வந்து குடோன் காலியானது.

அதற்கப்புறம் இரண்டு மாதம் போயிருக்கும். அடுத்த பருவத்துக்கான மாதிரிகளைப் பார்க்க அந்தப் பெண்மணியே நேரில் வந்தார். உயரமானவர், எல்லோரிடமும் கைகூப்பி வணக்கம் சொன்னார். காலையில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. மதியம் முதலாளி அவரைப் பிரியாணி சாப்பிட ஆம்பூருக்குள் அழைத்துப் போனார். திரும்பி வரும் வழியில் நெடுஞ்சாலையோரம் வரிசையாக இருக்கும் ஷூ கடைகளைப் பார்க்க ஆசைப்பட்டு வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். முதல் கடையிலேயே அவருடைய கம்பெனி ஷூ கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய முத்திரையோடு.

அவர் கோபப்பட்டுக் கத்தவில்லை என்று பிறகு டிரைவர் சொன்னார். போனில் படம் எடுத்தாராம். ஒரு ஜோடியைக் காலில் போட்டுப் பார்த்தாராம். வண்டியில் ஏறியதும், அழிக்கச் சொன்ன ஷூ கடைக்கு எப்படி வந்தது என்று முதலாளியைக் கேட்டாராம்.

அவர் பெங்களூருக்குக் கிளம்பிப் போன பிறகு முதலாளி எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் அந்த மெயில்களின் பிரிண்ட் இருந்தது. போனில் அகராதியைத் திறந்து வைத்திருந்தார்.

“இதுல ரெண்டு அர்த்தமும் போட்டிருக்கு. எது கரெக்டு?” என்று என்னைக் கேட்டார்.

“ரெண்டும் கரெக்டுதான் சார்.”

“ரெண்டும் கரெக்டுன்னா நான் அவங்களுக்கு இன்னா பதில் சொல்றது? இதச் சொல்றதுக்குத்தானே உங்கள வெச்சிருக்கேன்?”

நான் கேட்கச் சொன்னதாக அப்போது சொன்னால், பக்கத்தில் நிற்கிறவரைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் என் வேலை போகலாம். இரண்டையும் எடைபோட்டுக்கொண்டு நின்றேன். அதற்குள் மேனேஜர் பேசினார்.

“மேடம் கேக்கலாம்னுதான் சொன்னாங்க சார். நான்தான் வேணாம்னேன். எனக்கு இதுல சந்தேகமே வரல.”

முதலாளி அவர் பக்கம் திரும்பினார். இருபது வருடத்துக்கும் மேல் பழகியவர்கள். “சந்தேகம் வரலன்னா எப்படிய்யா?” என்று மட்டும் கேட்டார். விற்ற ஷூக்களில் கிடைப்பதையெல்லாம் திரும்ப வாங்கி வந்து அழிக்க வேண்டும் என்று முடிவானது. வெளியே வந்தபோது மேனேஜருக்கு எப்படி நன்றி சொல்வது என்று யோசித்தேன். அவர் வழக்கம்போலத் தண்ணீர் குடித்துவிட்டுத் தன் பிரிவுக்குப் போய்விட்டார்.

நெடுஞ்சாலைக் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் தன்னிடம் இருந்ததைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் ஒரு பங்கு அவரிடம் இல்லை. பேரணாம்பட்டுச் சந்தையில் செருப்பு விற்கும் ஒரு அம்மா இரண்டு மூட்டை எடுத்துப் போயிருந்தார். கடைக்காரர் போன் போட்டுச் சொல்லி வைத்தார். அடுத்த நாள் காலையில் மேனேஜரும் நானும் கம்பெனி காரில் பேரணாம்பட்டுக்குப் போனோம். பதிலுக்குக் கொடுக்க, வேறு ஒரு ஆர்டரில் மிஞ்சிய கறுப்பு ஷூக்களை டிக்கியில் ஏற்றியிருந்தோம். ஒரு பெண்ணிடம் போய்ப் பேச வேண்டியிருப்பதால் என்னையும் வரச் சொன்னதாக மேனேஜர் சொன்னார்.

மலைப்பாதையில் வண்டி ஏறும்போது அவர் பேச ஆரம்பித்தார். “எங்கப்பா எந்தப் பொருளயும் வெளிய போட வுட மாட்டாரு மேடம். அறுந்துபோன வார் இருந்தாக்கூட எடுத்து வெப்பாரு. எங்கம்மா அவரு தூங்கறப்ப எடுத்துக் கடாசும். அந்த ஊட்ல வளந்தவன் நான். நல்ல ஷூவ யாராவது ஒடச்சிப் போடச் சொல்வாங்கன்னு என் புத்திக்கு எப்படித் தோணும்?”

அவர் சமாதானம் தேடியதாகத் தெரியவில்லை. நடந்ததைத் தனக்கே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அந்த அம்மாவின் வீடு பஸ் நிலையத்திலிருந்து அதிக தூரமில்லை. தெருவில் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். கார் வந்து நின்றதும் சிலர் தலையை நிமிர்த்தினார்கள், கை மட்டும் நிற்கவில்லை. செருப்பு விற்கிற அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கலாம். எங்களை உட்காரச் சொன்னார். மூட்டையை ஏற்கனவே எடுத்து வெளியில் வைத்திருந்தார். ஒரு மூட்டைதான். அதுவும் முக்கால்வாசி காலி.

“மீதி?” என்றார் மேனேஜர்.

“மீதி வித்துட்டுதுங்க. சந்தையிலயே போச்சு பாதி. நர்ஸ் வேலைக்குப் படிக்கிற பொண்ணுங்கோ கொஞ்சம் வாங்கிச்சுங்க. எல்லாம் ஊர் ஊரா போய்ட்டுது. நான் யார் கால்ல போய் தேடறது?”

மேனேஜர் தலையாட்டினார். அந்த அம்மா ஒரு ஷூவை மூட்டையிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல இன்னாங்க கொற? ஒட்டு வுட்டுச்சுன்னு ஒருத்தியும் திரும்பிக் குடுக்கல. இப்படி ஒரு சரக்கு எனக்கு வந்ததே இல்ல.”

“கொற இல்லம்மா. இந்த மார்க்கு இப்ப செல்லாது. கம்பெனிக்காரங்கோ மாத்திட்டாங்கோ.”

“அதுக்கு?”

“திரும்ப வாங்கி வெட்டிப் போடணும்.”

பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தர் “அய்ய” என்றார். அந்த அம்மா கையிலிருந்த ஷூவை மூட்டையில் போட்டுக் கட்டினார். அப்போதுதான் நான் அவர் காலைக் கவனித்தேன். அதே பழுப்பு ஷூ. முன்பக்கம் மடிப்பு விழுந்து, கால் வடிவத்துக்கே வந்திருந்தது. நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

“இதயும் கழட்டணுமா?”

அவர் அதை என்னிடம்தான் கேட்டார். குரலில் சண்டை இல்லை. கழற்றத்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தால் கழற்றியிருப்பார் என்றே நினைக்கிறேன். நான் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அந்தக் கால்களை ஒரு தொழில் தெரிந்தவரின் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார். பாதத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கும் பார்வை.

“நீ போட்டுக்கினு தேச்சிட்டம்மா. அது இனிமே சரக்கு இல்ல, உன் ஷூ. அது வேணாம்” என்றார்.

கறுப்பு ஷூக்களை இறக்கினோம். அந்த அம்மா ஒவ்வொரு சைஸாகப் பார்த்து, சின்ன சைஸ்தான் அதிகம் போகும், பெரியது ஜாஸ்தி இருக்கிறது, மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். மேனேஜர் அடுத்த வாரம் அனுப்புவதாகச் சொன்னார். சொன்னபடி அனுப்பவும் செய்தார். கிளம்பும்போது டீ கொடுத்தார்கள். திரும்பும் வழியெல்லாம் மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். தூங்கினாரா என்று தெரியவில்லை.

அழிக்கும் வேலை இரண்டு நாள் கழித்து, கம்பெனிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நடந்தது. இந்த முறை அந்தப் பெண்மணி தெளிவாக எழுதியிருந்தார். ‘டெஸ்ட்ராய்’. விற்கக் கூடாது, கொடுக்கக் கூடாது, மறுபடி பயன்படுத்தக் கூடாது, வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். ஃபினிஷிங் பிரிவிலிருந்து சில பெண்களை அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்குச் சூப்பர்வைசராக இருந்த அக்கா, நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பவர்.

“மெயில்ல இன்னா வார்த்த போட்டிருக்காங்கோ?” என்று கேட்டார்.

“டெஸ்ட்ராய்.”

“அது புரியுது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஷூவைக் கவிழ்த்துப் பிடித்து, முத்திரைக்கு மேலே கத்தியை வைத்து, பின்முனைவரை ஒரே இழுப்பு. புதுத்தோலின் வாசனை கொட்டகை முழுவதும் பரவியது. அந்த வாசனை எங்களுக்குப் பழகியதுதான். காலையில் கம்பெனிக்குள் நுழைந்ததுமே மூக்கு அதை மறந்துவிடும். அன்றைக்கு மட்டும் எனக்குத் தெரிந்தது. பெண்கள் முதலில் பேசிக்கொண்டே வெட்டினார்கள். யாரோ ஒருத்தி, தங்கச்சி கல்யாணத்துக்கு இதில் ஒரு ஜோடி கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றாள். வீடியோவில் குரல் பதியும், பேசாதே என்றார் அக்கா. அதன்பிறகு கத்தியின் சத்தம் மட்டும். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவில் அக்கா ஒரு ஷூவை எடுத்துத் தையலைப் பார்த்து, “இது என் டேபிள்ல போனது” என்று மெதுவாகச் சொன்னார். அதையும் வெட்டினார். மதியச் சாப்பாட்டு மணிக்கு முன்பே வேலை முடிந்தது. கை கழுவிக்கொண்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நானும் போனேன். அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இறங்காமல் போகவில்லை.

அந்தப் பெண்மணிக்கு நான் எழுதிய மெயில்தான் என் வேலையில் அதிக நேரம் எடுத்தது. எல்லா ஜோடிகளும் அழிக்கப்பட்டன என்று எழுதச் சொன்னார் முதலாளி. அது உண்மையில்லை என்றேன். பிறகு மேனேஜரும் வந்து உட்கார்ந்தார். கடைசியில், திரும்பப் பெற முடிந்தவை எல்லாம் அழிக்கப்பட்டன, மற்றவை விற்றுப் போய் மக்கள் அணிந்துகொண்டிருக்கிறார்கள் என்று இருந்ததை இருந்தபடி எழுதினோம். நீங்கள் எழுதிய சொல்லுக்கு எங்கள் ஊரில் விற்பது என்ற பொருளும் உண்டு, கேட்காமல் விட்டது எங்கள் தவறு என்றும் சேர்த்தேன். ஆர்டர் கைவிட்டுப் போய்விடும் என்று முதலாளி பயந்தார்.

பதில் வர ஐந்தாறு நாள் ஆனது. அவர்கள் அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான் என்று எழுதியிருந்தார். அது எழுதும் மேசைக்கு மட்டுமே தெரியும் பொருள், படிக்கிறவர் வேறு இடத்தில் இருப்பார் என்று நினைத்துப் பார்க்கவில்லை என்றும், இனிமேல் வெளிப்படையாக எழுதுவதாகவும் சொன்னார். கூடவே ஒரு கேள்வி. அந்த ஷூவை அணிந்துகொண்டிருப்பவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? நான் பேரணாம்பட்டு அம்மா சொன்னதை எழுதினேன். ஒட்டு விடவில்லை, யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதற்கு அவர் ஒரு வரி நன்றி போட்டார்.

ஆர்டர் நிற்கவில்லை, அடுத்த பருவத்தில் கொஞ்சம் கம்மியாக வந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த வருடம் காலியான ஜெனரல் மேனேஜர் இடம், எல்லோரும் எதிர்பார்த்தபடி எங்கள் மேனேஜருக்குக் கிடைக்கவில்லை. சென்னையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஷூ விஷயம்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து அவர் ராணிப்பேட்டையில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். கடைசி நாளன்று என் மேசைக்கு வந்து, “போய்ட்டு வர்றேன் மேடம்” என்றார். அந்த அறையில் எனக்காகப் பேசியதற்கு அப்போதுதான் நன்றி சொன்னேன். “நடந்தத சொன்னேன், அதுல இன்னா இருக்குது” என்றார். அவர் அதைப் பெரிய விஷயமாக நினைக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இப்போது வாடிக்கையாளர்கள் மெயில் எழுதுவதே குறைந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் ஷூவின் படத்தைப் போட்டு, வேண்டாத இடத்தில் சிவப்பில் பெருக்கல் குறி போட்டு அனுப்புகிறார்கள். புதிதாக வந்திருக்கும் மேனேஜருக்கு அது வசதியாக இருக்கிறது. சொல்லே இல்லையென்றால் குழப்பமும் இல்லை என்கிறார். போன வாரம் குதிகால்மேல் பெருக்கல் போட்ட படம் ஒன்று வந்தது. குதிகாலை எடுத்துவிடச் சொல்கிறார்களா, அந்தக் குதிகாலில் குறை என்கிறார்களா, அந்த மாடலே வேண்டாம் என்கிறார்களா என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். நான் போனை எடுத்து, படம் அனுப்பியவரின் எண்ணை அழுத்தினேன்.